தொண்ணூற்று மூன்று நாள் விபத்தே இல்லை

என் கம்பெனியில் ஒன்பது பேர். பதினோரு வருஷமாக ஒன்பது பேர்தான். பத்தாவது ஆளை எடுத்தால் இ.எஸ்.ஐ. சட்டம் உள்ளே வந்துவிடும், மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து பத்து என்ற எண்ணே எனக்கு ஆகாது. பத்தாவது ஆள் செய்ய வேண்டிய வேலையை நானே செய்துகொண்டிருந்தேன். முதலாளியே இறங்கிக் கல் தூக்குகிறார், எவ்வளவு எளிமை என்று ஊரில் ஒரு பேரும் கிடைத்தது. அது எளிமை இல்லை, கஞ்சத்தனம் என்பது என் மனைவி பாத்துவுக்கு மட்டும் தெரியும். அவள் அதை வெளியே சொல்வதில்லை. வீட்டுக்குள் தினமும் சொல்வாள்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் முக்கால் ஏக்கர், ஒரு தகரக் கொட்டகை, ஒரு கலவை மெஷின், ஹாலோ பிளாக் அடிக்கிற மெஷின் ஒன்று. சிமெண்டும் ஜல்லியும் கருங்கல் பொடியும் ஒரு பக்கம் போனால், நடுவில் ஓட்டை வைத்த கல்லாக மறுபக்கம் வரும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஜவுளி, மளிகை, செருப்பு என்று கடையில் உட்கார்ந்தே பிழைத்தவர்கள். காலில் விழுந்தால் எலும்பு உடைகிற சரக்கை விற்ற முதல் ராவுத்தர் நான்தான்.

போன வருஷம் என் ஆட்களில் ஒருவனான பிரதீப்பின் ஆள்காட்டி விரல் கலவை மெஷினின் பெல்ட்டுக்குள் போய் வந்தது. விரல் பிழைத்துவிட்டது. ஆனால் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கப் போனபோது அவர்கள் சொன்ன தொகையில் எனக்கு இரண்டு விரல் போன மாதிரி இருந்தது. ஏஜென்ட் கோபிநாத் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். இருபது வருஷப் பழக்கம். அவர்தான் வழி சொன்னார்.

"அப்பாஸ், நான் சொல்றதைக் கேளுங்கோ. பாலக்காட்டுல ஒரு ஹோட்டல்ல கிளாஸ் வச்சிருக்கா. தொழிலாளர் இழப்பீட்டுச் செலவைக் குறைக்கறது எப்படின்னு. எறணாகுளத்துலேர்ந்து ஜிஜி மேடம் வறா. ஃப்ரீ. மத்தியானம் சாப்பாடும் உண்டு."

சாப்பாட்டை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஜிஜி மேடம் நன்றாகத்தான் பேசினார். எனக்கு மூன்று விஷயம் பிடிபட்டது. ஒன்று, எல்லோருக்கும் இரும்பு முனை வைத்த பூட்ஸ் வாங்கிக் கொடு. இரண்டு, விபத்தில்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று வாசலில் ஒரு போர்டு வை. மூன்று, நூறு நாள் ஓடினால் ஒரு பரிசு கொடு. அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். சின்னக் காயமானாலும் அன்றைக்கே எழுது, அடிபட்டவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடு, பரிசுக்காக யாரும் காயத்தை மறைக்காமல் பார்த்துக்கொள் என்று ஏதோ. அப்போது மணி ஒன்று ஆகிவிட்டது. பின்பக்கத்து மேஜையில் பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்கள். மனிதன் ஒரே நேரத்தில் எத்தனை பக்கம்தான் கவனிப்பான்?

பூட்ஸ் வாங்கக் கோயம்புத்தூர் போனேன். ஒரு கடையில் ஒன்பதாம் நம்பர் பூட்ஸை மட்டும் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது பேர், ஒன்பதாம் நம்பர். படைத்தவனே பார்த்துச் சேர்த்து வைத்த மாதிரி இருந்தது. ஒன்பது ஜோடியைக் கட்டி எடுத்து வந்துவிட்டேன்.

மேஸ்திரி பொங்கியண்ணனுக்கு அது பொருந்தியது. பிரதீப்புக்குக் கொஞ்சம் லொடலொடத்தது. மயிலாத்தாள் காலை விட்டபோது, கால் உள்ளே போய்க் காணாமல் போய்விட்டது.

மயிலாத்தாள் எங்கள் கம்பெனியின் ஆரம்பத்திலிருந்து இருப்பவர். ஐம்பது வயசு. அடித்த கல்லைப் பலகையோடு தூக்கி வெயிலில் அடுக்கும் வேலை. புருஷன் இல்லை. மகள் தமிழ்ப்ரியா கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள், அந்தப் படிப்பு இவருடைய இரண்டு கால்களின் மேல்தான் நிற்கிறது. சுகர் உண்டு. டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார், பிறகு பக்கத்தில் இருப்பவரின் டீயில் ஒரு வாய் வாங்கிக் குடிப்பார்.

"ஏனுங் மொதலாளி, இதுல நானு காலை வெக்கறதா, இல்ல குடியிருக்கறதா?" என்றார்.

"உள்ளே கொஞ்சம் துணி வெச்சுக்கங்க மயிலாத்தா."

"துணியா? ஒரு பொடவை புடிக்குமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் பூட்ஸைக் கொட்டகை மூலையில் வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு கல் தூக்கப் போனார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொன்னால் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

போர்டு வந்தது. 'விபத்தில்லா நாட்கள்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, எண் தகடு மாட்ட மூன்று ஆணி. பரிசு என்னவென்று வீட்டில் பேச்சு வந்தது. நூறாவது நாள் எல்லோருக்கும் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் என்றேன். பாத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, பரிசுன்னு சொன்னா நீங்க தொண்ணூத்தொம்பதாவது நாளு எதாச்சும் காரணம் கண்டுபிடிச்சுருவீங்க. நேர்ச்சைன்னு வைங்க. அப்பத்தான் உங்க கையி பாக்கெட்டுக்குப் போகும்."

முப்பது வருஷம் கூடவே இருந்தவள் சொல்வதை மறுக்க முடியவில்லை. போர்டு மாட்டிய அன்று பாத்துவும் கம்பெனிக்கு வந்தாள். எங்கள் மகள் நஜ்லா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை, ஆகவே வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம். பாத்து ஒன்பது பேரையும் நிற்க வைத்து, காட்டோரத்துத் தர்கா இருக்கிற திசையைப் பார்த்துக் கையேந்தினாள்.

"நூறு நாளு இங்க யாருக்கும் ஒரு கீறல் இல்லாமப் போகட்டும். எங்க நஜ்லாவும் சொகமாப் பெத்துப் பொழைக்கட்டும். ரெண்டுக்கும் சேத்து ஒரே நேர்ச்சை."

பொங்கியண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புது மெஷின் வந்தால் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்த கையோடு தர்காவுக்கும் ஒரு கட்டு ஊதுபத்தி கொண்டு போகிறவர் அவர். மயிலாத்தாள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நஜ்லா ஸ்கூல் விட்டு இங்கே வந்து கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து பாடம் எழுதினவள். இவர்கள் எல்லோருக்கும் அவள் அம்மிணிதான்.

நானும் அன்று மகிழ்ந்தேன். இரண்டு வேண்டுதலுக்கு ஒரே ஆடு. என் மனைவிக்கும் சிக்கனம் வந்துவிட்டதே என்று.

பத்து நாள். முப்பது நாள். ஐம்பது. காலையில் வந்ததும் பொங்கியண்ணன் தகடு மாற்றுவார், ஒன்பது பேரும் நின்று பார்ப்பார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறுபதாவது நாள் ஆட்டையே வாங்கிவிட்டேன், பெருநாள் நெருங்கினால் விலை ஏறும். கொட்டகைக்குப் பின்னால் கட்டிப்போட்டோம். பிரதீப் அதற்கு நூறு என்று பேர் வைத்தான். நூறு சிமெண்ட் சாக்குத் தின்னும், டீ குடிக்கும், கூப்பிட்டால் திரும்பும்.

இதற்கிடையில் ஒரு சின்ன விஷயம். பிரதீப் ஒரு நாள் நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு வீக்கத்தோடு நின்றான்.

"என்னடா இது?"

"ஊட்டுல நெலவு இடிச்சிருச்சுங்க."

மறுநாள் இன்னொருத்தருக்கு முழங்கையில் கட்டு. அவருக்கும் நிலவுதான், அதாவது வாசல் நிலை. அந்த வாரத்தில் நான்கு பேர். எலப்புள்ளி வட்டாரத்தில் உள்ள வாசல் நிலவுகள் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரு சாண் தாழ்ந்துவிட்டன என்றுதான் நினைக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் மாடுகள் மிதிக்க ஆரம்பித்தன. மாடே வளர்க்காதவனையும் மாடு மிதித்தது.

நான் கோபிநாத்துக்குப் போன் போட்டேன். "எல்லாரும் வீட்டுல போய் அடிபட்டுட்டு வர்றாங்க கோபிநாத். நமக்கு இதுல ஏதாவது உண்டா?"

"ஆத்துல நடந்தா நமக்கென்ன? ஒண்ணும் கிடையாது. பேஷாப் போயிண்டிருக்கு. அப்படியே விடுங்கோ."

அப்படியே விட்டேன். எனக்குச் சந்தேகம் வரவே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்தது. வந்த சந்தேகத்தை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டேன்.

எண்பத்திரண்டாவது நாளுக்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மயிலாத்தாள் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். வேலை நேரத்தில் மட்டும் இல்லை, பஸ் ஸ்டாப்பிலிருந்தே. சாயங்காலம் அதோடுதான் வீட்டுக்கும் போனார். சேலைக்குக் கீழே இரண்டு கறுப்பு பூட்ஸ், பாரம் ஏற்றிய லாரி மாதிரி மெல்ல மெல்ல நடை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த பூட்ஸைப் போட்டோ எடுத்து ஜிஜி மேடத்துக்கு அனுப்பினேன். அவர் அதை முதலாளிகள் குரூப்பில் போட்டார். நாற்பத்தொரு பேர் கை தட்டினார்கள். நான் அந்த நாற்பத்தொன்றை இரண்டு தரம் எண்ணினேன்.

தொண்ணூற்று மூன்றாவது நாள் பதினொரு மணிக்கு, பத்தாவது ஆளாகிய நான் ஒரு எட்டு இஞ்சுக் கல்லைத் தூக்கி, திரும்பி, என் இடது காலின் பெருவிரல் மேலேயே வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு. என் காலில் ஷூ இல்லை. ஒன்பது ஜோடிதானே வாங்கியிருந்தேன்?

கத்த வாயைத் திறந்தேன். பொங்கியண்ணனின் சிமெண்ட் கை வந்து அதை மூடியது.

"சத்தம் போட்றாதீங்க மொதலாளி! இன்னும் ஏழே நாளுங்க!"

"ம்ம்... ம்ம்..."

"வலிக்குமுங்க. எல்லாத்துக்கும் வலிச்சுதுங்க. சித்த பொறுத்துக்கோங்க. டேய் பிரதீப்பு, அந்த டப்பாவ எடுத்தா!"

என்னைச் சாக்கு அடுக்கின் மேல் உட்கார வைத்தார்கள். பிரதீப் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்தான். உள்ளே பஞ்சு, மருந்து, கட்டுத்துணி, வலி மாத்திரை. அவன் என் விரலுக்குக் கட்டுப் போட்ட லாகவத்தைப் பார்த்தால் இது அவனுடைய முதல் கேஸ் இல்லை என்று தெரிந்தது. டின்னின் அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பொங்கியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் புரட்டினார்.

"நெலவு நாலு பேருக்கு ஆயிப்போச்சுங்க, இனிச் செல்லாது. மாடும் மூணாச்சு. உங்களுக்குப் படுக்கற கட்டல் காலு இடிச்சிருச்சுன்னு வெச்சுக்கலாமுங்களா? ஊட்டுல அம்மாகிட்ட வேற எதாச்சும் சொல்லிப் போடாதீங்க, ஒளறிப்போடும்."

"என்ன நோட்டு இது?"

"ஆருக்கு என்ன காரணம் சொன்னோமுன்னு எழுதி வெச்சிருக்கறதுங்க. ஒரே காரணம் நொம்பப் பேருக்கு வந்தாச் சந்தேகம் வந்துருமல்லங்க?"

வாங்கிப் பார்த்தேன். வரவு செலவு நோட்டைக்கூட என் கம்பெனியில் யாரும் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. தேதி, பேர், அடி, சொல்ல வேண்டிய காரணம். பதினேழு வரி. கண்ணில் சிமெண்ட் தெறித்தது, பலகை ஆணி குத்தியது, முதுகு பிடித்தது. தொண்ணூற்று மூன்று நாளில் பதினேழு. போர்டு மாட்டுவதற்கு முன்னால் வருஷத்துக்கு நாலோ ஐந்தோதான் என் காதுக்கு வரும். அதுவும் இப்படித்தான் பாதி வந்ததோ என்னவோ.

எண்பத்திரண்டாம் நாளுக்கு நேராக ஒரு வரி. 'மயிலாத்தாள். சுண்டு விரல். கல்லு.' காரணம் எழுதும் இடத்தில் நிலவும் இல்லை, மாடும் இல்லை. 'பூட்ஸு' என்று மட்டும் இருந்தது.

கட்டுப் போட்ட என் விரலின் வலி அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"மயிலாத்தா, இங்க வாங்க."

அவர் வந்தார். லாரி நடை. எனக்கு அந்த நடை இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

"பூட்ஸக் கழட்டுங்க."

"ஏனுங், ஒரு பொம்பளைகிட்டப் பேசற பேச்சுங்களா இது? போட்டாலும் குத்தம், கழட்டுனாலும் குத்தம்."

"சுகர் இருக்கு உங்களுக்கு. கழட்டுங்க."

"ஒண்ணுமில்லீங்க. வலிகூட இல்லீங்க."

வலி இல்லை என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. பதினோரு நாள் காயம், வலிக்கவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். என் பெரியத்தா, அதாவது பெரியப்பாவுக்கும் சுகர் உண்டு. கடைசியில் அவர் ஒற்றைக் காலோடுதான் கடையில் உட்கார்ந்திருந்தார். நானே குனிந்து, குனியும்போது என் விரல் உயிரை எடுக்க, அந்த ஒன்பதாம் நம்பர் பூட்ஸைப் பிடித்து இழுத்தேன். அது சுலபமாகவே வந்தது. உள்ளே திணித்திருந்த துணியும் கூடவே வந்தது. வாடையும்.

சுண்டு விரல் கறுத்திருந்தது. அதற்கு மேலே பாதம் வரைக்கும் சிவப்பு ஏறியிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் நூறு மட்டும் ஒரு தரம் கத்தியது.

பூட்ஸ் போடாததால் அடிபட்டார். அடிபட்டதால் பூட்ஸ் போட்டார். அதைத்தான் நான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன்.

பெட்டி ஆட்டோவில் பிரதீப் ஓட்ட, மயிலாத்தாள் முன்னால் உட்கார, நான் பின்னால் தொட்டியில் காலை நீட்டிக்கொண்டு பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவர் தலையைத் திருப்பித் திருப்பி என்னிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்.

"ஊட்டுல அம்மிக்கல்லு விழுந்துச்சுன்னு சொல்லீறலாமுங்க. அம்மிக்கல்லு இன்னும் ஆருக்கும் எழுதலீங்க."

கேஷுவால்டியில் டாக்டர் ஜோஜோ. இளவயசு, தூக்கமில்லாத கண். காயத்தைப் பார்த்ததும் அந்தக் கண் முழுசாகத் திறந்தது. வேகவேகமாக நர்ஸிடம் என்னென்னவோ சொன்னார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"இன்னைக்கு வந்தது நல்லது. நாலு திவசம் கழிஞ்சிருந்தா முட்டிக்குக் கீழெ எடுக்கணும். இப்போ விரல் போகும், கால் நிக்கும்னு தோணுது. உறப்பாச் சொல்ல முடியாது." பேனாவை எடுத்தார். "இது எவிடெ வெச்சு ஆச்சு? வீட்டிலா, வேலையிலா?"

பதில் சொல்லுமுன் என் போன் அடித்தது. கோபிநாத். பிரதீப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான்.

"அப்பாஸ், பதறாதீங்கோ. அந்தம்மாவே ஆத்துல நடந்ததுன்னு சொல்றாளாமே? அப்புறம் என்ன? நீங்க வாயைத் திறக்காதீங்கோ. பதினோரு நாள் கழிச்சுச் சொன்னா கம்பெனிக்காரா ஆயிரம் கேள்வி கேப்பா. அடுத்த தடவை புதுப்பிக்கறச்சே உங்க கழுத்துல கத்தி வைப்பா. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வேணா கையிலேர்ந்து ஏதாவது கொடுங்கோ, புண்ணியமாப் போகும்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். ஒரு அரை நிமிஷம் இருக்கும், அந்த அரை நிமிஷம் நான் நல்லவனாக இல்லை. வீடு என்று எழுதினால் போர்டு தொண்ணூற்று மூன்றிலேயே நிற்கும், பிரீமியம் ஏறாது, நேர்ச்சை முறியாது, நஜ்லா... வீடு என்று எழுதினால் மயிலாத்தாளுக்கு ஒரு பைசாவும் வராது. கோயம்புத்தூரில் தமிழ்ப்ரியாவின் படிப்பு நிற்கும். கையிலிருந்து ஏதாவது கொடுப்பேன். என் கையைப் பற்றி எனக்குத் தெரியும். அது பாக்கெட்டுக்குள் போனால் திரும்பி வர வழி தெரியாது.

"என் கம்பெனியில்தான் டாக்டர்," என்றேன். "கல் விழுந்தது."

"இல்லீங்க டாக்டரு!" கட்டிலிலிருந்து ஒரு குரல். "ஊட்டுல. அம்மிக்கல்லு."

"எட்டு இஞ்சுக் கல் டாக்டர். என்கிட்ட நோட்டு இருக்கு."

"அவரு பொய் சொல்றாருங்க! அவுரு நொம்ப நல்லவருங்க, அதான் பொய் சொல்றாரு!"

"மயிலாத்தா, சும்மா இருங்க."

"நீங்க சும்மா இருங்க மொதலாளி. என்ற காலு, எங்க அடிபட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

டாக்டர் ஜோஜோ பேனாவைக் கீழே வைத்தார். "எனிக்கு நாலு வருஷம் சர்வீஸ். முதலாளி 'எண்டெ கம்பெனியில் அல்ல'ன்னு சொல்லும், தொழிலாளி 'அவிடெத்தான்'னு அழும். இது நேரெ தலைகீழாணல்லோ." பிறகு என் காலைப் பார்த்தார். "நிங்களுடெ காலில் எந்தா?"

"கட்டல் கால்," என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பொங்கியண்ணனின் பயிற்சி அப்படி. "இல்லை, இல்லை. இதுவும் கம்பெனிக் கல்தான்."

நான் கட்டிலருகே போனேன். "எதுக்கு இந்தப் பிடிவாதம்? உங்களுக்கு வரவேண்டிய பணம் மயிலாத்தா. அது எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்னா அப்புறம் யாருக்கு?"

அவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி சொன்னார். கண்ணோரத்தில் தண்ணீர்.

"அம்மா நேந்துக்கிட்டப்ப நானும் அங்கதானுங்க நின்னேன். ஒரு கீறல் இல்லாமப் போகோணும், நஜ்லா அம்மிணி நல்லாப் பெத்தெடுக்கோணும்னு ரெண்டையும் ஒண்ணாக் கட்டிப்போட்டாங்களே. இது முறிஞ்சா அது? மொதல்ல ரெண்டும் தங்கலீங்க. என்னால மூணாவதுக்கு ஒண்ணு ஆகோணுமுங்களா? வெரலு போனாப் போகுதுங்க. பத்து இருக்குது."

ஒரே ஆடு, சிக்கனம் என்று நான் சந்தோஷப்பட்டது ஞாபகம் வந்தது. என் சிக்கனம் எவ்வளவு தூரம் வந்து யாருடைய காலில் விழுந்திருக்கிறது பாருங்கள்.

வழி தெரியாதபோது நான் செய்கிற ஒரே புத்திசாலித்தனமான காரியத்தைச் செய்தேன். பாத்துவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதில் உடனே வந்தது.

"கீறல் படாம இருக்கணும்னுதானேங்க கேட்டேன்? பட்ட கீறலை மறைச்சு வைக்கணும்னா கேட்டேன்? ஒன்பதாம் நம்பர் பூட்ஸு, ஒன்பது பேரு! உங்களை... சரி, அதை வீட்டுல பேசிக்கறேன். போனை மயிலக்காகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மயிலாத்தாள் முதலில் "இல்லீங்கம்மா" என்றார். பிறகு "அப்புடீங்களா" என்றார். பிறகு கொஞ்சநேரம் அழுதார். அழுதுகொண்டே, "ஏனுங்கம்மா, ஆரு, நம்ம மொதலாளிங்களா?" என்று கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த இடத்தில் என்ன பேச்சு என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. கடைசியில் "செரிங்கம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"கம்பெனிலதானுங்க. எம்பத்திரண்டாவது நாளு. மத்தியானத்துக்கு மேல. ரப்பர் செருப்புதான் போட்டிருந்தனுங்க. பூட்ஸு பெருசுங்க. எழுதிக்கோங்க."

விரல் போயிற்று. கால் நின்றது.

இழப்பீட்டுப் படிவத்தில் விபத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில், அளவு பொருந்தாத பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது நான் என்று எழுதினேன். கோபிநாத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாராவது தன் கழுத்துக்குத் தானே சாட்சி சொல்லுவாளா? ஏன் தாமதம்ன்னு கேட்டிருக்கா, அதுக்கு என்ன எழுதப்போறேள்?" நேர்ச்சை என்று எழுதினேன். இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். நோட்டைப் படித்தார், போர்டைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். திரும்பிப் போகும்போது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கோப்பு பார்த்ததில்லை என்றார். தொகை வர ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை சம்பளத்தை நான் நிறுத்தவில்லை. இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது, சம்பளப் பொறுப்பைப் பாத்து எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை நானே போர்டில் பூஜ்யம் மாட்டினேன். ஒன்பது பேரும், இல்லை, எட்டுப் பேரும் நின்று பார்த்தார்கள்.

"இனி இந்தப் போர்டுக்குப் பரிசும் இல்லை, நேர்ச்சையும் இல்லை," என்றேன். "சின்ன ஆணி குத்தினாலும் அன்னைக்கே சொல்லணும். சொல்றவங்களுக்கு டீயும் வடையும்."

பொங்கியண்ணன் தலையைச் சொறிந்தார். "ஏனுங் மொதலாளி, அந்தப் பதினேழையும் இப்பச் சொன்னாப் பதினேழு வடைங்களா?"

வாங்கிக் கொடுத்தேன்.

நஜ்லாவுக்கு நாற்பத்தெட்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. என் காலண்டரே இப்போது அந்தப் போர்டுதான். தாயும் பிள்ளையும் சுகம். நேர்ச்சையின் அந்தப் பாதியைச் செலுத்த ஆட்டை அவிழ்க்கப் போனேன். பிரதீப் குறுக்கே வந்து நின்றான். "நூறைத் தொடக்கூடாதுங்க." மற்றவர்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். வாளையார்ப் பக்கம் போய் வேறு ஆடு வாங்க வேண்டியதாயிற்று. இரண்டு வேண்டுதலுக்கு ஒரு ஆடு என்று ஆரம்பித்த கணக்கு, ஒரு வேண்டுதலுக்கு இரண்டு ஆடு என்று முடிந்தது. நூறு இப்போது பருத்து, மெஷினுக்குப் பக்கத்தில் அதிகாரி மாதிரி திரிகிறது.

ஜிஜி மேடம் பிரியாணி நேரத்தில் சொன்னதையெல்லாம் மறுபடி போன் போட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அதன்படி மயிலாத்தாளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. வாசலில் ஒரு நாற்காலி, மேஜை, கைக்கு எட்டுகிற இடத்தில் அந்தப் பிஸ்கட் டின், புது நோட்டு. காலில் ஐந்தாம் நம்பர் பூட்ஸ், கடையில் முழு விலை. யாருக்கு என்ன காயமென்று எழுதுவது அவர்தான். ஒரு தும்மலைக்கூட விடமாட்டார். அவர் விட்ட இடத்தில் கல் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. எடுத்தேன். பத்தாவது ஆள். இ.எஸ்.ஐ. ஆபீஸில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தபோது, பயந்த அளவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. பதினோரு வருஷம் எதற்காகப் பயந்தேன் என்று பாத்துவிடம் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். அது இங்கே வேண்டாம்.

புது நோட்டின் முதல் பக்கம் எழுதிய அன்று என்னையும் அந்த மேஜைக்கு முன்னால் நிற்க வைத்தார் மயிலாத்தாள்.

"பேரு?"

"என்ன மயிலாத்தா இது? அப்பாஸ்."

"எங்க அடி?"

"இடது கால் பெருவிரல். நகம் இன்னும் முளைக்கல."

"எங்க வெச்சு?" கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கட்டல் காலுன்னு சொல்லிப் போடாதீங்க. நோட்டக் கிழிச்சுப் போடுவேன்."

"கம்பெனியில்."

"காரணம்?"

யோசித்தேன். "பத்தாவது ஆள் இல்லாதது," என்றேன்.

அவர் அந்தக் கட்டத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"அத்தனை எழுத இதுல எடமில்லீங்க. 'கஞ்சத்தனம்'னு போட்டுக்கறேன்," என்று எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினார். "இந்தால ஒரு கையெழுத்துப் போட்டுட்டு, போயி வடை வாங்கிக்கோங்க."